அறுப்பு மெஷினும் பி.காம் சேர்க்கையும்: கடைமடை மாணவர் ஒருவரின் மூன்று ஆண்டுகள்

திருவாரூர் மாவட்டக் கடைமடையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவரைப் பற்றிய பதிவு இது. நான் அங்கே வணிகவியல் முதுகலை ஆசிரியை. உயர்கல்வி வழிகாட்டுதல் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மாணவர், அவருடைய அம்மா, பட்டறைக்காரர் மூவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர், பெயர் எதையும் சொல்லவில்லை. வகுப்பில் கூப்பிடுவது போலத் 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குக் கடைசியாகத்தான் வரும். வராமல் போகும் ஆண்டுகளும் உண்டு. ஊரில் பாதிக்கு மேல் குத்தகைச் சாகுபடியும் கூலி வேலையும்தான். பிளஸ் டூ முடித்த பையன்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவது இருபது வருடப் பழக்கம். டெல்டாவை 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பன் கிணறும் உருக்காலையும் புதிதாக வர முடியாது. மண்ணுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே மண்டலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கேள்விக்கு எங்கள் பள்ளியில் யாரிடமும் விடை இல்லை. 'வேலை' என்றால் அரசு வேலை, இல்லாவிட்டால் வெளியூர் வேலை. ஊருக்குள் நடப்பதை யாரும் வேலை என்று சொல்வதே இல்லை. நானும் சொன்னதில்லை.

தம்பியின் அப்பா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நடுபவர். முதுகு வலியால் பாரம் தூக்க முடியாது. அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போவார். ஒரு தங்கை, அப்போது எட்டாம் வகுப்பு.

பன்னிரண்டாம் வகுப்பு: கண்ணில் பட்டதும் படாததும்

2023 ஜனவரி, பிப்ரவரியில் தம்பி 19 நாள் பள்ளிக்கு வரவில்லை. போன் செய்தால் அம்மாதான் எடுப்பார். "அறுப்பு மெஷினோட போயிருக்கான் டீச்சர், சீசன் முடிஞ்சதும் வந்துடுவான்."

அந்தப் பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தப்பிய மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்துபோனது. ஈர வயலில் டயர் வைத்த அறுப்பு மெஷின் இறங்காது. டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிக்கு அடிதடி. சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த மெஷின்கள் ராத்திரி பகலாக ஓடின. தம்பி அதில் ஒன்றுக்கு ஹெல்பர். கிரீஸ் வைப்பது, பிளேடு மாற்றுவது, அடைத்த வைக்கோலைப் பிடுங்குவது என்று எல்லாம் செய்தான். 17 வயதுப் பையன், இரவில், மூடி இல்லாத பெல்ட்டுகளுக்குப் பக்கத்தில். இதை இப்போது எழுதும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அன்று என் வருகைப் பதிவேட்டில் அது வெறும் 'வரவில்லை'.

மார்ச் 13-ஆம் தேதி பொதுத்தேர்வு தொடங்கியது. மாநிலம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்டவர்கள் முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கே வராமல்போன ஆண்டு அது. ஒரு பிள்ளை கூட விடுபடக் கூடாது என்று வீடு வீடாக அலைந்தோம். தம்பி எல்லாத் தாளும் எழுதினான். அதுவே பெரிய சாதனையாகத் தெரிந்தது. மே 8-இல் முடிவு வந்தது. கணக்குப்பதிவியலில் 29 மதிப்பெண், என் பாடத்தில். மற்றதில் எல்லாம் தேர்ச்சி.

முதல் முடிவும் அது தவறிய விதமும்

துணைத்தேர்வுக்குப் பள்ளியில் வைத்தே 12 நாள் பாடம் எடுத்தேன். 41 வாங்கித் தேறினான். அப்புறம் 'அடுத்து என்ன' என்று கேட்டேன். "நீங்க சொல்றத செய்றேன் டீச்சர்" என்றான். வணிகவியல் படித்த பையனுக்கு பி.காம் என்று யோசிக்காமலே சொன்னேன்.

அந்த ஆண்டு 'நான் முதல்வன்' திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடந்தன. பிளஸ் டூ முடித்தவர்கள் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் தேடிக் கேட்டு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பதிய வேண்டும். அந்தக் கண்காணிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பல பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றிருப்பார்கள். ஆனால் நான் தம்பியின் பெயருக்கு எதிரே 'பி.காம், சேர்ந்தார்' என்று பதிந்ததோடு என் பொறுப்பு முடிந்தது என்று எண்ணிவிட்டேன். தவறு அங்கேதான்.

துணைத்தேர்வு எழுதித் தேறியவனுக்கு மிச்சமிருந்த இடம்தானே கிடைக்கும்? கல்லூரி 34 கிலோமீட்டர். காலை 7.10 பஸ்ஸை விட்டால் வேறில்லை. நடுவில் ஒரு மாற்று பஸ். வீடு திரும்ப இரவு 7 மணி. இந்த நேரக் கணக்கை நான் முன்பே போட்டுப் பார்க்கவே இல்லை. சாயங்கால வேலையில் வந்த சில்லறை வருமானம் நின்றது. பாடமும் ஒட்டவில்லை.

அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தது. கர்நாடகத்திலிருந்து தண்ணீர் போதவில்லை. குறுவை கடைமடையில் கருகியது. அக்டோபர் 10-இல் அணையை மூடினார்கள். அப்பா நட்டதில் போட்ட பணம் திரும்பவில்லை. இரண்டு மகளிர் குழுக் கடன் வீட்டில் நின்றது. அதே அக்டோபரில் தம்பி கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். எனக்குத் தெரிந்தது டிசம்பரில், அவன் சித்தப்பா மகள் சொல்லி.

திருப்பூர்

ஒரு பனியன் கம்பெனியில் முதலில் கைமடி (தைப்பவருக்கு உதவியாள்), பிறகு செக்கிங். ஒன்றரை ஷிப்ட். ஒரு ரூமில் ஆறு பேர். சனிக்கிழமைச் சம்பளத்தில் வீட்டுக்கு வாரம் 1,500 அல்லது 2,000 அனுப்பினான். திருப்பூரை நான் தாழ்த்திச் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். அவனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2024 பொங்கல்: வயலில் பார்த்தது

பொங்கல் கழித்து ஒருநாள், பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலில் ஒரு பெல்ட் வண்டி நின்றிருந்தது. டிரைவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். வயல்காரர் கத்திக்கொண்டிருந்தார், நெல் பின்னால் கொட்டுகிறது என்று. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

வண்டி கக்கிய வைக்கோலில் ஒரு கை அள்ளினான். உள்ளங்கையில் தேய்த்து ஊதினான். பதர் பறந்தது. மிச்சம் நின்ற மணிகளை விரலால் ஒதுக்கி எண்ணினான். இரண்டடி தள்ளி இன்னொரு கை, அப்புறம் வண்டியின் மறுபக்கம் இன்னொன்று. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"என்னப்பா பாக்குற?" என்று கேட்டேன்.

"காத்து ஜாஸ்தியா வச்சிருக்காங்க டீச்சர். நெல்லும் சேந்து பறக்குது. காத்தக் கொறச்சா பதர் தங்கும், வியாபாரி எடுக்கமாட்டான். பயிரு காஞ்சிருக்கு, கொஞ்சம் கொறச்சா போதும். அந்தப் பக்கம் சல்லடை ஒண்ணு ஒடஞ்சிருக்கு, அதான் ஒரு பக்கமா கொட்டுது."

டிரைவரிடம் சொல்லி விசிறியின் வேகத்தைக் குறைக்க வைத்தான். இஞ்சினை நிறுத்திவிட்டுச் சல்லடையில் ஒரு தகரத்தை வைத்து முறுக்கினான். அரை மணி நேரத்தில் வண்டி நகர்ந்தது. கணக்குப்பதிவியலில் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எழுதத் திணறிய பையன், ஒரு கை வைக்கோலில் இருந்து மெஷினின் நோயைப் படித்துவிட்டான். இரண்டு வருடம் அவனுக்குப் பாடம் எடுத்தவள் நான். இது எனக்குத் தெரியாது.

கணக்கெடுப்பு

தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசினேன். இரண்டு சனிக்கிழமைகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு சுற்றியுள்ள மூன்று ஊராட்சிகளில் என்னென்ன இயந்திரம் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று எழுதினோம். டிராக்டர் 46, பவர் டில்லர் 11, நடவு மெஷின் 3, உள்ளூர்க்காரர்களுடைய அறுப்பு மெஷின் 4. டீசல் பம்புசெட்டை எண்ணி முடியவில்லை. சீசனில் வெளியூர் மெஷின்கள் வேறு. மெக்கானிக்குகள் இரண்டே பேர். ஒருவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சீசனில் வண்டி நின்றால் நகரத்திலிருந்து ஆள் வர ஒரு நாள் ஆகும். மழை மேகம் கூடும்போது அந்த ஒரு நாளின் விலை வயல்காரருக்குத்தான் தெரியும்.

வேலை ஊரில் இருந்தது. நாங்கள்தான் அதை எண்ணிப் பார்க்காமல் இருந்தோம்.

இருந்த வழிகள், எடுத்த முடிவு

பிப்ரவரி கடைசியில் தம்பி, அம்மா, தலைமை ஆசிரியர், நான் நான்கு பேரும் உட்கார்ந்தோம். தாய்மாமா ஒருவரும் வந்திருந்தார்.

பி.காமைத் தொடரலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பாலிடெக்னிக் என்றால் அவனுடைய வணிகவியல் பாடப்பிரிவுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து முதலாண்டில் சேர்ந்து மூன்று வருடம் படிக்க வேண்டும். வீடு தாங்காது. மிஞ்சியது ஐ.டி.ஐ. பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே டீசல் மெக்கானிக் பிரிவில் சேரலாம், ஒரு வருடம். ஃபிட்டர் போன்ற இரண்டு வருடப் பிரிவில் சேர்ந்தால் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு வழி இருக்கிறது. என் மனம் இரண்டு வருடத்தின் பக்கம்தான் இருந்தது. தம்பி கையை வைத்துப் பழகியது டீசல் இஞ்சினில். குடும்பத்துக்கு ஒரு வருடமே பெரிது. டீசல் என்று முடிவானது.

மாமாதான் கடைசி வரை மறுத்தார். "வேல தெரிஞ்சவனுக்குப் பேப்பர் எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஊரில் கைராசியாக மெக்கானிக் வேலை பார்க்கும் யாரிடமும் சான்றிதழ் இல்லை. நான் சொன்ன பதில் இரண்டு. பட்டறை வைக்க வங்கிக்குப் போனால் சான்றிதழைக் கேட்பார்கள், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிற்பழகுநராகப் போகவும் அது வேண்டும். இன்னொன்று, 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதி மாறிவிட்டது. சென்சாரும் கணினிப் பலகையும் உள்ள இஞ்சின்கள் வருகின்றன. சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் கைராசி மட்டும் அதற்குப் போதாது. இரண்டாவது காரணத்தை மாமாவும் ஒப்புக்கொண்டார். அவர் டிராக்டர் ஓட்டுபவர்.

அம்மாவின் கேள்வி

எல்லாம் முடிந்தது என்று நோட்டை மூடும்போது அம்மா கேட்டார். "ஒரு வருஷம் அவன் அனுப்புற பணம் நின்னா, குழுவுக்கு நான் எதுல கட்டுவேன் டீச்சர்?"

முதல் முறை பி.காமுக்கு அனுப்பும்போது இந்தக் கேள்வியை நாங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு குழுவுக்கும் சேர்த்து வாரத்துக்கு 1,280 ரூபாய். ரேஷன் அரிசி போக மளிகை, அப்பாவின் மாத்திரை, தங்கையின் செலவு. தம்பி வாரம் 1,200 ரூபாயாவது கொண்டுவந்தால்தான் வண்டி ஓடும்.

இருக்கிற இரண்டு மெக்கானிக்கில் இளையவரிடம் போனோம். பெரிய சாலையில் பட்டறை வைத்திருப்பவர். தம்பியை அவருக்கு முன்பே தெரியும். மார்ச் முதல் முழு நேரம், ஐ.டி.ஐ. தொடங்கிய பிறகு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும், சனிக்கிழமை தோறும் 1,200 ரூபாய். தலைமை ஆசிரியர் முன்னிலையில் வேறு சிலவும் பேசினோம். ஐ.டி.ஐ. நேரத்தில் கூப்பிடக் கூடாது. இஞ்சினை நிறுத்தாமல் எந்த மெஷினிலும் கை வைக்கவிடக் கூடாது. வண்டி கழுவ மட்டும் வைத்துக்கொள்ளாமல் நாசில், ஹைட்ராலிக் வேலையைச் சொல்லித்தர வேண்டும். "சொல்லித்தரேங்க, எனக்கும் ஆள் வேணுமே" என்றார்.

பட்டறையும் ஐ.டி.ஐ.யும்

முதல் தடங்கல் சான்றிதழ்கள். பாதியில் விட்ட கல்லூரியிடமிருந்து மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க ஐந்து வாரம் ஆனது, நான்கு முறை நேரில் போனோம். கலந்தாய்வு முடிந்து நேரடிச் சேர்க்கையில்தான் 2024 ஜூலையில் இடம் கிடைத்தது. அரசு ஐ.டி.ஐ., 22 கிலோமீட்டர், ஒரே பஸ், இலவச பாஸ். இந்த முறை பஸ் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கை வைத்தேன்.

இரண்டாவது தடங்கல் பணம். ஐ.டி.ஐ. உதவித்தொகை மாதம் 750, ஆகஸ்டில் தொடங்கிய, அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 என்று திண்ணையில் கூட்டிச் சொல்லியிருந்தேன். தம்பியின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு சரியாக இல்லை. முதல் பணம் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஒரு குழுவில் இரண்டு தவணை தவறி, அம்மா மற்றப் பெண்களின் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று. வங்கிக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே சரிபார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

படிப்பு அவனுக்குப் பிடித்தது. அதுவரை கிராங்க் ஷாஃப்ட்டை நகத்தால் தடவித் தேய்மானம் பார்த்தவன், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எழுதக் கற்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அதை முதலாளிக்கே காட்டிக்கொடுத்திருக்கிறான். அவர் அடுத்த வாரமே ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிவிட்டார்.

2025 ஜனவரியில் அறுவடை வந்தது, பேச்சும் மீறப்பட்டது. பட்டறைக்காரர் பகலிலும் கூப்பிட்டார். தம்பியும் போனான். 11 நாள். ஐ.டி.ஐ. பயிற்றுநர் எனக்குப் போன் செய்தார், வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது என்று. இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிப் பதிவேட்டில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. வேறுபாடு என்னவென்றால், இந்த முறை ஒருவர் போன் செய்தார். அன்று மாலையே பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் கோபப்பட்டார். சீசனில் ஒரு நாள் விட்டால் வருடச் சம்பாத்தியம் போகும் என்பது அவர் பக்கத்து உண்மை. முடிவில் சாயங்காலம் 6 முதல் 10 வரை, ஞாயிறு முழுநாள், அதற்கு மேல் இல்லை என்று நின்றோம். வருகை 82-இல் முடிந்தது.

இப்போதைய நிலை

2025-இல் தேர்வு எழுதித் தேறினான். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-இல் திறந்ததால் குறுவை நடந்தது. அந்த அறுவடைதான் அவனுக்குச் சான்றிதழோடு முதல் சீசன். நல்ல வாரத்தில் 6,000 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அறுப்பு முடிந்ததும் 2,500-க்கு இறங்கியது. திருப்பூரில் வருமானம் இவ்வளவு ஏறி இறங்காது, அதைத் தம்பியே சொல்கிறான். அந்த இடைவெளியைப் பம்புசெட், பவர் டில்லர், பைக் வேலையில் அடைக்கப் பார்க்கிறான். ஒரு குழுக் கடன் முடிந்தது. தங்கை பிளஸ் ஒன் படிக்கிறாள்.

பட்டறைக்காரரோடு ஒரு உரசல் வந்தது. வயலுக்குத் தனியாகக் கூப்பிடுபவர்களிடம் தம்பி நேரடியாகப் போக ஆரம்பித்தான். "சொல்லிக்குடுத்த கையைக் கடிக்கிறான்" என்று அவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். இப்போதைக்குப் பட்டறைக்கு வரும் வண்டி அவருடையது, வயல் வேலை தம்பியுடையது, உதிரிபாகம் அவர் கடையிலேயே எடுக்க வேண்டும் என்று ஓடுகிறது. எத்தனை நாள் தாங்குமோ.

தொழிற்பழகுநர் பயிற்சிக்கு ஒரு வருடம் போய்வா என்று நான் வற்புறுத்துகிறேன். சம்பா சீசனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறான். இந்த விஷயத்தில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மாற்றிக்கொண்டதும் மாற்ற வேண்டியதும்

வருகைப் பதிவேட்டோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து வராதவர் அந்த நாட்களில் என்ன செய்தார் என்று அதில் எழுதுகிறோம். கண்டிப்பதற்காக இல்லை என்று பெற்றோரிடம் சொல்லித்தான் கேட்கிறோம். ஆபத்தான வேலை என்றால் அன்றே வீட்டுக்குப் போகிறோம்.

கல்லூரியில் சேர்ந்தவர்களை ஜூலையில் பதிவதோடு விடாமல் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒருமுறை கூப்பிடுகிறேன். நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். சேர்க்கை பற்றிப் பேசும்போது பஸ் நேரம், வாரத் தவணை, வங்கிக் கணக்கு மூன்றும் முதலில், பாடப்பிரிவு அப்புறம். ஒரு வருடமா இரண்டு வருடமா என்பதை அவசரத்தில் முடிவு செய்தோமோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. முதலாண்டுத் தவணையைச் சமாளிக்க வழி செய்ய முடிந்திருந்தால் தம்பியை இரண்டு வருடப் பிரிவில்தான் விட்டிருப்பேன்.

பெரிய குறை ஒன்று அந்தக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. மெஷின்களை மட்டுமே எண்ணினோம், அதனால் பையன்களுக்கான வேலை மட்டுமே கண்ணில் பட்டது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஊரில் தையல், நாற்றங்கால், இ-சேவை, மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று எத்தனை இடத்தில் ஆள் இல்லை என்பதை நாங்கள் எழுதவே இல்லை. வரும் கோடையில் அதற்காகவே மறுபடி சுற்றப்போகிறோம், இந்த முறை பிளஸ் ஒன் மாணவிகளே கேள்விகளைத் தயாரிக்கிறார்கள்.

தம்பியின் வழியைப் பார்த்து இரண்டு பேர் ஐ.டி.ஐ.க்குப் போனார்கள். ஒருவன் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாம் ஆண்டு. இன்னொருவன் மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். அவன் வீட்டுத் திண்ணையில் நான் உட்காரவில்லை.

இப்போது நோட்டில் ஒரு பிளஸ் டூ மாணவன் பெயருக்கு எதிரே ஒன்பது நாள் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'வாத்து மேய்ச்சல், அறுத்த வயலில்' என்று வகுப்புத் தலைவன் எழுதியிருக்கிறான். 400 வாத்தாம், அவனும் அவன் தாத்தாவும். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.